இது இன்னாத்துக்கு ஓடுது?

அவருடைய கைதான் முதலில் உள்ளே வரும். அதன் பின்னால் அவர் வருவார்.

லாட்ஜ் அறை, டீக்கடை, ஆபீஸ், கல்யாண மண்டபம், எதுவானாலும் சரி. கதவு நிலையைத் தாண்டி வலது கை மட்டும் நீண்டு சுவரைத் தடவும். சுவிட்ச் போர்டு அகப்பட்டதும் விரல்கள் அதன்மேல் அப்படியே நிற்கும். கண், மேலே சுற்றும் விசிறியையோ பட்டப்பகலில் எரியும் டியூப் லைட்டையோ பார்க்கும். பிறகு, கோபமே இல்லாமல், தெருவில் எதிர்ப்பட்ட குழந்தையிடம் பெயர் கேட்பது போல ஒரு கேள்வி.

"இது இன்னாத்துக்கு ஓடுது?"

கேட்டுவிட்டுக் காத்திருப்பார். சும்மா அணைத்துவிட்டுப் போகிற சிக்கனக்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவருக்குப் பதில் வேண்டும். "புழுக்கமா கீது மேடம்" என்றால் சரி, ஓடட்டும் என்று கையை எடுத்துக்கொள்வார். "அது எப்பவும் ஓடும் மேடம்" என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு. டப்.

மலை மேல் இருக்கும் ஜமுனாமரத்தூரில் அவரை முதல்முதலாகப் பார்த்தது ஒரு தை மாதக் காலையில். டீக்கடைக்குள் விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. குடிக்க வந்தவர்கள் துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அதன் கீழேயே நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நானும்தான்.

"ண்ணா, இது இன்னாத்துக்கு ஓடுது?"

"ஈ வரும்மா."

"இந்தக் குளிர்ல ஈ எங்கண்ணா வரும்? அதுவே எங்கியாவது போத்திகினு படுத்திருக்கும்."

கடைக்காரர் அண்ணாந்து விசிறியைப் பார்த்தார். கோடையில் போட்டது. போட்டவரே மறந்துபோனது. அவரே போய் அணைத்தார். இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிந்து, தயங்கி, நின்றன. அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் அப்போதுதான் எங்களுக்குக் கேட்டது. பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. கடைக்காரர் ஓடினார்.

மலையில் அவருக்கு வைத்த பெயர் ஆஃப் மேடம். அவருக்கும் அது தெரியும். "முழு மேடம்னு வெக்க மனசு வர்ல போல," என்பார்.

கட்டடங்களுக்குக் காற்றும் மின்சாரமும் திட்டம் போட்டுக் கொடுக்கிற இன்ஜினியர் அவர். மலைக்குக் கீழே ஒடுகத்தூர்க்காரர். நெல்லும் நிலக்கடலையும் போடுகிற குடும்பம். படித்த படிப்புக்கு ஊருக்கெல்லாம் பெரிய பெரிய ஏசி மாட்டிக் கொடுத்துச் சம்பாதித்திருக்கலாம். ஏசி வேண்டுமென்று வருகிறவர்களிடம் "எதுக்கு?" என்று கேட்டுக் கேட்டே பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார். பருத்திப் புடவை, கேன்வாஸ் ஷூ, இடுப்பில் செருகிய அளவு நாடா. என்னைவிட இரண்டொரு வயது இளையவர். ஆனால் என்னைக் கூப்பிடும்போது "இன்னா சார்" என்று ஒரு இழுப்பு இழுப்பார். அந்த இழுப்பில் மரியாதையும் இருக்கும், கிண்டலும் இருக்கும். எது எவ்வளவு என்று கடைசி வரை எனக்குப் பிடிபடவில்லை.

ஊரைத் தாண்டி, சாமை விதைக்கிற நிலங்கள் முடிந்து புளியமரங்கள் தொடங்குகிற ஒரு மேட்டில், கண் பரிசோதனைக் கருவிகளுக்கு லென்ஸ் செய்யும் கட்டடம் ஒன்று வரவிருந்தது. பாதி தொழிற்சாலை, பாதி ஆராய்ச்சி. முதலாளி தயாளன், திருப்பத்தூர்க்காரர். மலையில் தூசி கிடையாது, வெயில் கிடையாது, கண்ணாடிக்கு வேறென்ன வேண்டும் என்பது அவர் எண்ணம். எந்த ஊரிலும் எந்த வேலையிலும் ஓராண்டு சேர்ந்தாற்போல் ஒட்டாத என்னை அங்கே கொண்டுவந்து சேர்த்தது இந்த அம்மாள்தான். கட்டடத்தை எப்படி நடத்துவது என்று சுவரில் எழுதி ஒட்ட, தமிழில் எழுதுகிற ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார்.

"மெஷின் வாங்கனா கூட ஒரு புக்கு குடுக்கறான். கட்டடத்துக்கு வாணாமா? எந்த சன்னல எப்ப தொறக்கணும், எப்ப மூடணும்னு வேல செய்றவங்களுக்குத் தெரியலன்னா, அப்பால ஏசி மாட்டுன்னுதான் சொல்வாங்க."

முதல் வாசகத்தை எழுதிக்கொண்டுபோய் நீட்டினேன். மாலைக் கதிர் சாய்ந்து மலைக்காற்று தவழ்ந்து வரும் வேளையில் மேல் சன்னல்களைத் திறந்து வைக்கவும். அவர் படித்தார். ஆள்காட்டி விரலைத் 'தவழ்ந்து' மேல் வைத்தார். சுவிட்ச்மேல் வைப்பாரே, அதே விரல், அதே மாதிரி.

"இது இன்னாத்துக்கு ஓடுது?"

அந்தச் சொல்லை அடித்தேன். அடுத்து 'கதிர்'. அதையும் அடித்தேன். கடைசியில் 'சாயங்காலம் மேல் சன்னலைத் திற' என்பது மட்டும் மிஞ்சியது. அறையில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு அகலை மட்டும் விட்டுவைத்தது போலிருந்தது. எழுதித் தந்த கூலியைவிட அந்த மிச்சத்துக்காக நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். அந்த ஒரு வரிதான் பின்னால் எங்கள் எல்லோரையும் கவிழ்க்கப் பார்த்தது என்பது வேறு கதை. அதற்கு வருகிறேன்.

தயாளனிடம் அவர் பேசிய முதல் பேச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. புளியமரத்தடியில் வரைபடத்தை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்திருந்தார்கள்.

"அஞ்சாறு வருசம் கழிச்சி இங்க இன்னா செய்வீங்க?"

"லென்ஸ்தான் மேடம்."

"லென்ஸ் விக்கலன்னா?"

தயாளன் ஒரு மூலைக் கல்லை நகர்த்தி வைத்தார். "தெரியாது. வேற எதனா."

"அப்ப அந்தத் தெரியாததுக்கும் சேத்துத்தான் கட்டணும்."

அப்படித்தான் கட்டினார்கள். தூண்களை எட்ட எட்ட நிறுத்தி நடுவில் பெரிய வெட்டவெளியாக விட்டார்கள். உள்ளே ஒரு சுவர்கூடத் தரையில் வேர்விடவில்லை, எல்லாம் போல்ட்டில் நின்றன. கழற்றினால் நாலு பேர் தூக்கிக்கொண்டு நடக்கலாம். கரண்ட், தண்ணீர், காற்றுக் குழாய் எல்லாம் கூரையடியில் ஓடின. எந்த மெஷினை எங்கே வைத்தாலும் அதன் தலைக்கு மேலிருந்து இறக்கிக்கொள்ளலாம்.

தயாளனுக்கு ஒன்றுதான் உறுத்தியது. "ஏசி பிளான்ட் இல்லாம லென்ஸ் கம்பெனியா? கேக்கறவன் சிரிப்பான் மேடம்."

"கண்ணாடிக்குத்தான் ஒரே மாதிரி சூடு வேணும். அதுவும் அளவு பாக்கற ரூம்ல மட்டும். அந்த ஒரு ரூம நல்லா இறுக்கமா கட்டிக் குடுக்கறேன், சின்னதா ஒரு மெஷின் போதும். மத்த எடத்துக்குக் காத்து போதும். ஒரு டம்ளர் மோருக்காக வூட்டையே தூக்கி ஃபிரிட்ஜுல வெப்பீங்களா?"

இது வெறும் கொள்கை இல்லை. மலைக்கு வருகிற கரண்ட் பலமாகக் காற்றடித்தால் போய்விடும். பெரிய ஏசி வைத்தால் அதை ஓட்டப் பெரிய ஜெனரேட்டர் வேண்டும். ஜெனரேட்டருக்கு டீசல் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவாக ஏறி வர வேண்டும். கொஞ்சம் கரண்டில் பிழைக்கத் தெரிந்த கட்டடம்தான் மலையில் இருக்க முடியும். இல்லையென்றால் தயாளன் கீழே ஏதாவது தொழிற்பேட்டையில் ஷெட் பிடித்துக்கொண்டு போய்விடுவார். இது எல்லோருக்கும் தெரியும். எல்லோரையும்விட அலமேலுவுக்கு நன்றாகத் தெரியும்.

அலமேலு மலைக்காரப் பெண். லென்ஸ் மெருகேற்றும் வேலைக்கு முதலில் எடுத்த ஆட்களில் ஒருத்தி. அதற்கு முன் பல வருடம் திருப்பூரில் பனியன் கம்பெனி. மகளைத் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் வந்து பார்த்துப் போவாள். இந்த வேலை கிடைக்கும் என்று தெரிந்ததும் திருப்பூரை விட்டு வந்துவிட்டாள். ஆனால் அவள் கொண்டுவந்த ரெக்சின் பை மட்டும் பிரிக்கப்படாமல் இருந்தது. ஜிப் போன பை. புடவை ஓரத்தைக் கிழித்துக் கட்டியிருந்தாள். ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனபோது மேடத்தின் கண் நேராக அதன்மேல்தான் போனது.

"ஏன் இன்னும் பிரிக்கல?"

"கட்டடம் நிக்கட்டும்க்கா. அப்பால பிரிக்கிறேன்."

சுவிட்சை அணைக்காமல் கையை எடுப்பாரே, அது போலத் தலையாட்டினார்.

மாசியில் அவர் செய்த ஒரு காரியத்தைப் பார்த்து ஊரே சிரித்தது. வெறும் தரையில், கட்டடத்தின் முழு அளவுக்கு, கயிறு கட்டினார். ஒவ்வொரு சுவருக்கும் ஒரு கயிறு. தூண் வரும் இடத்தில் ஒரு மூங்கில். மெஷின் வரும் இடத்தில் சணல் சாக்கு. அலமேலுவையும் மற்றப் பெண்களையும் அழைத்து, காலை ஷிஃப்டு எப்படியோ அப்படியே நாள் முழுக்க அதற்குள் இருக்கச் சொன்னார். இல்லாத கதவு வழியாகத்தான் நுழைய வேண்டும். இல்லாத கண்ணாடியை எடுத்து, இல்லாத மெஷினில் வைத்து, இல்லாத அறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒருத்தி கயிற்றைத் தாண்டிக் குறுக்கே நடந்துவிட்டாள். "ஏம்மா, சுவத்துக்குள்ள பூந்து போறியே, பேயா நீ?" என்று அலமேலு கத்தினாள்.

"சாப்ட்டு கை கழுவ எங்க போவுறது? அந்த மூலைக்கா? அதுக்குள்ள சோறு காஞ்சிப்புடும்க்கா."

"அப்ப மூலைய இங்க எடுத்துகினு வா," என்றார் மேடம். இரண்டு பேர் மூங்கிலைப் பிடுங்கி மூலையை எடுத்துக்கொண்டு வந்தார்கள். வெயில் ஏற ஏற, முகத்தில் அடிக்கிறது என்று ஒரு சுவர் நகர்ந்தது. பேச்சுத்துணை வேண்டும் என்று இன்னொன்று நகர்ந்தது. பேச்சுத்துணைக்காக ஏன் ஒரு சுவரை நகர்த்த வேண்டும் என்று தயாளன் கேட்டார். "நாளெல்லாம் ஒண்டியா உக்காந்து கண்ணாடி தேச்சிப் பாருங்க, தெரியும்," என்றார் மேடம். அன்று மாலை கயிறுகள் இருந்த இடத்தில்தான் கட்டடம் எழுந்தது.

நல்லதாகவே சொல்லிக்கொண்டு போகிறேன். எல்லா நேரமும் அவரோடு இருப்பது சுகமாக இல்லை. தன் சொந்த அக்கா மகள் கல்யாணத்தில், ஆட்கள் பாதி கலைந்ததும், மண்டபத்து ஏசியை அணைத்துவிட்டு, மேடையில் மேக்கப் வழிய வழிய நின்ற பெண்ணிடம் "வெளிய நல்லா காத்து வருது பாரு" என்று சன்னலைத் திறந்து காட்டியவர். அந்த அக்கா பிறகு இவரோடு பேசுவதே இல்லை என்றார்கள். அவர் போன் அடித்தால் யார் என்று பார்ப்பார், அது தானாக ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். தனியாகத்தான் இருந்தார். ஒருதரம், பஸ்ஸுக்குக் காத்திருந்த சோம்பலில், கல்யாணம் பற்றிக் கேட்டுவிட்டேன்.

"ஆச்சி. ரெண்டு பேருமே ஓட்டிகினு இருந்தோம். ஒருநாளு இது இன்னாத்துக்கு ஓடுதுன்னு கேட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"எப்பவும் ஓட்றதுதானன்னாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் உள்ளே ஏதோ டப் என்றது.

ஏன் இப்படி என்று கேட்டவர்களுக்கெல்லாம் வேறு வேறு பதில் சொல்லியிருக்கிறார். தயாளனிடம் பில் மிச்சம் என்றார். அலமேலுவிடம், சத்தம் பிடிக்காது என்றார். என்னிடம் சொன்னது இது: "எல்லாத்தையும் ஆஃப் பண்ணாத்தான் சார், மிச்சம் இன்னா ஓடிகினு கீதுன்னு காதுல வுழும்."

இதில் எது நிஜம் என்று தெரியாது. மூன்றுமே இருக்கலாம். ஆனால் கார்த்திகையில் எங்களைக் காப்பாற்றியது மூன்றாவதுதான்.

புரட்டாசியில் மெஷின்கள் வந்தன. கட்டடம் அழகாக மூச்சுவிட்டது. பகலில் விளக்கே வேண்டாம். வடக்குக் கூரையிலிருந்து வெளிச்சம் பால் போல இறங்கியது. சாயங்காலம் மேல் சன்னலைத் திறந்தால் பகல் சூடெல்லாம் போய்விடும். பெண்கள் என் வாசகத்தைப் பாட்டாகவே பாடிக்கொண்டு கயிற்றை இழுத்துத் திறந்தார்கள்.

பிறகு மூடுபனி வந்தது. மேகம் என்றுதான் சொல்ல வேண்டும். ஐப்பசிக் கடைசியில் மலையேறி வந்து, கார்த்திகை முழுக்கப் போக மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. நாங்கள் சொன்னதைச் செய்துகொண்டிருந்தோம். சாயங்காலம் மேல் சன்னலைத் திறந்தோம். அது உள்ளே வந்தது.

ஒரு காலையில் அலமேலு அலமாரியைத் திறந்து, மெருகேற்றி அடுக்கியிருந்த கண்ணாடிகளில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அடுத்ததை எடுத்தாள். அடுத்ததை. எல்லாவற்றிலும் வெள்ளை பூத்திருந்தது. ஈரம் தின்ற கறை. துடைத்தால் போகாது. மொத்தத்தையும் மறுபடி தேய்க்க வேண்டும், தேய்த்து அடுக்கினால் மறுபடியும் பூக்கும்.

தயாளன் கீழிருந்து வந்து பார்த்தார். கத்துகிறவர் இல்லை. அதனால் இன்னும் பயமாக இருந்தது. "கீழ ஒரு ஷெட் பாத்து வெச்சிருக்கேன். ஏசியோட. அடுத்த சந்தைக்குள்ள இங்க சரியாவலன்னா மெஷின எறக்கிட்றேன். எனக்கு வேற வழி தெரில மேடம்."

அலமேலு என் பக்கம் திரும்பி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "பைய பிரிக்காம வெச்சதும் நல்லதாப் போச்சிண்ணா," என்றாள்.

மேடம் என் வாசகத்துக்கு முன் போய் நின்றார். சாயங்காலம் மேல் சன்னலைத் திற. அந்த விரல் ஒவ்வொரு சொல்லாக நகர்ந்தது. நகரும்போதே அவர் முகம் மாறியது.

"எங்க ஊர்ல சித்திரைல ஓடு கொதிக்கும் சார். ராத்திரி சன்னலத் தொறந்தாத்தான் தூக்கமே வரும். பொறந்ததுல இருந்து எனக்கு வெயிலுதான் எதிரி. இங்க எதிரியே வேற." விரலை எடுத்தார். "மலை மேல ஏறி வந்து, ஒடுகத்தூருக்கு ஒரு கட்டடம் கட்டி வெச்சிருக்கேன்."

மலையை அவர் தையிலிருந்து வைகாசி வரைக்கும்தான் பார்த்திருந்தார். காற்றுக் கணக்கும் ஈரக் கணக்கும் கீழ்நாட்டில் எடுத்தவை. கயிறு கட்டி நாள் முழுக்க நடந்து பார்த்த அத்தனை பேரும் நடந்தது மாசி வெயிலில்.

அதன் பிறகு அவர் செய்தது எல்லோரையும் கலங்க வைத்தது. ஒவ்வொரு மெஷினாகப் போய் அணைத்தார். தேய்க்கும் மெஷின், மெருகு மெஷின், விளக்கு, கடைசியாகப் பின்கட்டில் இருந்த காற்று கம்ப்ரசர். கட்டடம் முழுக்க அமைதி. முடிந்தது, மூட்டை கட்டப் போகிறார்கள் என்றுதான் நினைத்தோம். ஒரு பெண் அழ ஆரம்பித்தாள்.

அவர் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் நின்று எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். சூடான தகரம் ஆறும்போது எழுப்புமே, அந்தச் சின்னச் சின்ன 'டிக்' சத்தம். சூட்டை வெளியே தள்ள அவரே வைத்த தகரக் குழாயிலிருந்து வந்தது. கம்ப்ரசர் சூடு உள்ளே வரக் கூடாதென்று பார்த்துப் பார்த்து வெளியே வாய் வைத்திருந்தார். குழாயைத் தொட்டுக்கொண்டே சுவரைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தார். நாங்களும் பின்னால் நடந்தோம்.

வெளியே நாலடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. புல், கல், வேலி, எங்கள் தலைமுடி, எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தன. குழாய் வாய்க்கு எதிரில், ஒரு கம்பியில், பள்ளிக்கூடப் பாவாடையும் சட்டையும் தொங்கின.

அலமேலு முன்னால் ஓடினாள். "என் பொண்ணோடதுக்கா. வூட்ல ஒண்ணும் காய மாட்டேங்குது. இங்க போடக்கூடாதுன்னு தெரியும். எடுத்துட்றேன்."

"இரு. எப்ப போட்ட?"

"காலைல வரசொல்லோ."

அவர் பாவாடையின் மடிப்பைக் கையில் எடுத்தார். அந்தப் பனியில், சொட்டுகிற அந்த உலகத்தில், அது அப்பளம் போல மொரமொரவென்று காய்ந்திருந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அவர் அழுதாரா என்று கேட்டால், எல்லோர் முகத்திலும்தான் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"வெளிய துணி காயுது. உள்ள கண்ணாடி நனையுது. காயறதுக்கு வேண்டியது இத்தினி நாளா ஓடிகினுதான் இருந்துது. நான்தான் அத வெளிய தொரத்திகினு இருந்தேன்." பாவாடையை மடித்து அலமேலுவிடம் கொடுத்தார். "ஸ்பேனர் எடு."

மறுநாள் காலையிலிருந்து கட்டடம் நடந்தது. நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். போல்ட்டுகளைக் கழற்றிச் சுவர்களைத் தூக்கினோம். வெளிச்சுவர் ஓரத்தில் இருந்த கண்ணாடி அலமாரியும் மெருகு அறையும் கம்ப்ரசரை ஒட்டி உள்ளே வந்தன. அளவு பார்க்கும் அறை மட்டும் இருந்த இடத்திலேயே நடுவில் இருந்தது, மற்றவை அதைச் சுற்றி அணைத்து நின்றன. இனி வெளிக்காற்று கம்ப்ரசரைத் தொட்டுச் சூடேறி, அதன் பிறகுதான் உள்ளே வரும். புதிதாக ஒரு மெஷின்கூட வாங்கவில்லை. ஒரு செங்கல்லைக்கூட உடைக்கவில்லை. கூரையடியில் ஓடிய குழாய்களை வேண்டிய இடத்தில் இறக்கிக்கொண்டோம்.

"ஏய், மூலைய எடுத்துகினு வாங்கடி," என்று அலமேலு குரல் கொடுத்தாள். மாசியில் கயிற்றோடு சிரித்த பெண்கள் இப்போது நிஜச் சுவரோடு சிரித்தார்கள். ஒருபக்கம் நான் பிடித்திருந்தேன். என் வாழ்க்கையில் ஒரு சுவரைத் தோளில் சுமந்தது அப்போதுதான்.

என் வாசகத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். வெளியே பனி இருந்தால் மேல் சன்னலை மூடு. நீட்டினேன். விரல் வைத்துப் பார்த்தார். எதையும் அணைக்கவில்லை.

சந்தை நாளன்று தயாளன் வந்தார். கேழ்வரகு மூட்டைகளோடும் கோழிகளோடும் ஜனங்கள் பனிக்குள்ளிருந்து உருவம் உருவமாக வெளிப்பட்டு ரோட்டில் போய்க்கொண்டிருந்தார்கள். உள்ளே வந்தவர் முதலில் மூக்கால் இழுத்துப் பார்த்தார், ஈரவாடை இல்லை. அலமாரியைத் திறந்தார். ஒரு கண்ணாடியை எடுத்துக் கூரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். இன்னொன்று. அலமேலு தன் மெஷினுக்குப் பின்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். தயாளன் பத்துப் பன்னிரண்டு பார்த்திருப்பார். பூக்கவில்லை. வெறும் வெளிச்சம்தான் அதன் வழியாக வந்து அவர் முகத்தில் விழுந்தது.

"ஷெட்டுக்காரனுக்கு இன்னா மேடம் சொல்றது?"

"அவன் ஏசி ஓட வாணாம்னு சொல்லுங்க."

அவ்வளவுதான். அலமேலு மெஷினைப் போட்டாள்.

இப்போது அங்கே லென்ஸ் மட்டும் செய்வதில்லை. இந்த வருடம் போனபோது பாதி இடத்தில் செயற்கைக் கால்களுக்கான மூட்டுகள் செய்துகொண்டிருந்தார்கள். சுவர்கள் மறுபடி நடந்திருந்தன. அலமேலு அந்தப் பக்கத்துக்கு மேற்பார்வை. மேடம் எங்கே என்று அவளுக்கும் தெரியவில்லை. வடக்கே ஏதோ மலையில் கட்டுகிறார் என்று ஒருவர் சொன்னார், எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒடுகத்தூரில் கடலை போடுகிறார் என்று இன்னொருவர். போன் போட்டேன். அது ஓயும்வரை அடித்தது. யார் என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பார். அதுவும் எனக்குப் போதும்.

நன்றி என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை அவரிடம் சொல்லியிருந்தால் விரலை அதன்மேல் வைத்திருப்பார். அதனால் சொல்லவில்லை. அவர் மலையை விட்டுப் போன காலையை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

பனி விலகிய ஒரு மார்கழிக் காலை. பஸ் நிலையத்தில் திருப்பத்தூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. அவரை ஏற்றிவிட நானும் அலமேலுவும் இன்னும் நாலைந்து பெண்களும் போயிருந்தோம். அலமேலு கையில் அந்த ரெக்சின் பை இருந்தது. ஜிப் போன, புடவை ஓரம் கட்டிய அதே பை. மறுபடி திருப்பூருக்கே கிளம்பிவிட்டாளோ என்று நினைத்தேன்.

அவள் அதை மேடத்தின் மடியில் வைத்தாள். "சாமை கீதுக்கா. கொஞ்சம் புளி. தேன் பாட்டிலு நிமித்தி வெச்சிருக்கேன், சாய்ச்சிட போற."

"பைய திருப்பிக் குடுக்கணுமே?"

"எனக்கு இன்னாத்துக்குக்கா அது?"

மேடம் பையைக் கட்டியிருந்த துணியை ஒருமுறை இறுக்கினார். பிறகு காதைத் தீட்டினார். பஸ் இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. டிரைவர் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தார். சன்னல் வழியாகத் தலை வெளியே வந்தது.

"ண்ணா, இது இன்னாத்துக்கு ஓடுது?"

"பொறப்படணும்லமா."

"டீய முடிச்சிட்டுத்தான பொறப்படுவீங்க?"

"வாணாம்மா. வண்டி செல்ஃப் எடுக்காது. ஆஃப் பண்ணா அப்பால தள்ளணும்."

"தள்ளிக்கலாம்ணா."

டிரைவர் எங்களைப் பார்த்தார். எங்கள் முகங்களில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். ஏறிப் போய் அணைத்தார். எதிர்ப் புளியமரத்தில் ஏதோ ஒரு பறவை நெடுநேரமாகக் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. எங்களுக்கு அப்போதுதான் கேட்டது. டீ முடிகிறவரை பஸ் நிலையமே அதைக் கேட்டது.

வண்டி எடுக்கவில்லை. எடுக்காது என்றுதான் டிரைவர் முதலிலேயே சொன்னாரே. மேடம் பையை சீட்டில் வைத்துவிட்டு இறங்கி வந்தார், புடவையைச் செருகிக்கொண்டு பின்னால் கை வைத்தார். நாங்களும் வைத்தோம். கண்டக்டர், மூட்டை வைத்திருந்தவர்கள், டீக்கடைக்காரர், எல்லோரும்.

"ஆஃப் பண்ணவங்கதான் முன்னால தள்ளணும்," என்றார் கண்டக்டர்.

"தள்றேன், பேசாம தள்ளு."

இறக்கம் வந்ததும் பஸ் இருமி, உதறி, உயிர் பிடித்தது. மேடம் ஓடிப்போய்ப் படியில் தொற்றிக்கொண்டார். திரும்பி ஒருமுறை பார்த்தார், கையை ஆட்டவில்லை. முதல் வளைவில் பஸ் மறைந்தது.

பை போய்விட்டது. அலமேலு ரோட்டில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளங்கை முழுக்கப் பஸ் கரி. புடவையில் துடைக்கப் போனவள், யோசித்து, ரோட்டோரப் புல்லின் பனியில் துடைத்துக்கொண்டாள்.

"வாங்கண்ணா, ஷிஃப்டுக்கு நேரமாச்சி," என்று மேட்டைப் பார்த்து நடந்தாள்.